மாற்று உதிரிபாகமும் டயரும் வாங்கும் முன்: எண்ணிலிருந்து தொடங்குங்கள்

முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, காரை ஸ்டாண்டின் மேல் நிறுத்தியிருந்தேன். பழைய பிரேக் பேடைத் தரையில் வைத்து, புதிதாக வாங்கியதை அதன் மேல் பொருத்திப் பார்த்தேன். புதியது அரை விரல் அளவுக்கு நீண்டிருந்தது. இரு முனைகளிலும் உள்ள காதுகள், பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் பள்ளத்தில் உட்காரவே இல்லை. காரின் பெயர், மாடல், ஆண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லித்தான் வாங்கியிருந்தேன். அதே மாடலுக்கு அதே ஆண்டில் இரண்டு அளவு பிரேக் டிஸ்க்குகள் பொருத்தப்பட்டிருந்தன என்பது அன்றைக்குத்தான் தெரிய வந்தது. அவசரத்தில் பேடின் முதுகில் கிரீஸ் தடவிவிட்டேன். அதனால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த செட் வந்து சேரும்வரை நான்கு நாட்கள் கார் அசையவில்லை.

அடுத்த ஆண்டு டயர் மாற்றினேன். நான்கும் கன்னங்கரேலென்று, ரப்பர் முட்கள் உதிராமல், புத்தம் புதிதாகவே தெரிந்தன. சில மாதங்கள் கழித்து பஞ்சர் ஒட்டுவதற்காக ஒன்றைக் கழற்றியபோது உள்பக்கச் சுவரில் இருந்த தயாரிப்புத் தேதி கண்ணில் பட்டது. என் காரில் ஏறிய நாளிலேயே அந்த டயர்களுக்கு நான்கு வயது ஆகியிருந்தது.

இரண்டு முறையும் செய்த தவறு ஒன்றுதான். பெயரையும் விலையையும் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. முதல் முறையாக மாற்று உதிரிபாகமோ டயரோ வாங்கப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் எண், அடுத்து தரம், அதற்கும் பிறகு விலை என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

முதலாவது, காரின் அடையாள எண். வின் எண் என்றும் சேஸிஸ் எண் என்றும் சொல்வார்கள். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 இடங்கள் இருக்கும். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலும் இருக்கும். வண்டியின் பதிவு ஆவணத்திலும் உண்டு. பார்த்து எழுதும்போது குழம்ப வேண்டாம்: ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் இந்த எண்ணில் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம், நேர்கோடாகத் தெரிவது ஒன்று.

இரண்டாவது, தயாரிப்பு மாதமும் ஆண்டும். பதிவு செய்த ஆண்டை எழுதிவிடாதீர்கள். முந்தைய ஆண்டின் இறுதியில் தயாரான கார் அடுத்த ஆண்டில் பதிவாவது சாதாரணம். தயாரிப்பாளர்கள் ஆண்டின் நடுவிலேயே ஒரு பாகத்தை நிறுத்திவிட்டு வேறொன்றைப் பொருத்தத் தொடங்குவார்கள். அந்த மாற்றத்துக்கு முன்னால் வந்த வண்டியா, பின்னால் வந்ததா என்பதைத் தயாரிப்பு மாதம்தான் சொல்லும்.

மூன்றாவது, எஞ்சின் குறியீடு. ஒரே கொள்ளளவில் இரண்டு மூன்று வகை எஞ்சின்கள் இருக்கலாம். நான்காவது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள டயர் அளவும் காற்றழுத்தமும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவை எழுதாதீர்கள், முந்தைய உரிமையாளர் அளவை மாற்றியிருக்கக்கூடும்.

இவற்றோடு பழைய பாகத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கையில் எட்டும் பாகமென்றால் அழுக்கைத் துடைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாத பாகமென்றால் கார் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவில் வின் எண்ணைக் கொடுத்து, அந்தப் பாகத்தின் எண் என்ன என்று கேளுங்கள். பழைய எண்ணை விலக்கிப் புதிய எண் வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை வைத்து மாற்றுப் பாகத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடும்போது இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, அடிக்குறிப்பு. '280 மி.மீ. டிஸ்க் உள்ள வண்டிக்கு மட்டும்', 'தேய்மான சென்சார் இல்லாதது' போன்றவை பொடி எழுத்தில் இருக்கும். நான் விழுந்த குழி அதுதான். இன்னொன்று, இடது, வலது. எதிரில் நின்று பார்த்துச் சொல்லக் கூடாது. ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்தால் எது இடதோ அதுவே இடது.

2. கடையில் காதில் விழும் வகைகள்

கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரு வகை. விலை பெரும்பாலும் அதிகம், ஆனால் பொருந்துமா என்ற கவலை இல்லை.

அந்தக் கார் நிறுவனத்துக்கே பாகம் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது வகை. போஷ், டென்சோ, வேலியோ, மாலே, ஹெல்லா, என்ஜிகே, கேஒய்பி போன்ற பெயர்கள் இப்படி வருபவை. என் பார்வையில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுதான். ஆனால் ஒரு நிறுவனம் ஒரு காருக்குப் பிளக் கொடுக்கிறது என்பதால் அதே காருக்கு ஃபில்டரும் அவர்களே கொடுக்கிறார்கள் என்று ஆகிவிடாது. பழைய பாகத்தைக் கழற்றிப் பாருங்கள். கார் நிறுவனத்தின் முத்திரைக்குப் பக்கத்திலேயே உண்மையில் செய்தவரின் முத்திரையும் பல நேரம் இருக்கும்.

மூன்றாவது, கார் நிறுவனத்தோடு தொடர்பில்லாமல் தானாக வடிவமைத்து விற்பவர்களின் பாகம். இதில் மிக நல்லதும் உண்டு, மிக மோசமானதும் உண்டு. நான்காவது, பழையதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதுப்பித்து விற்பது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், காலிப்பர் ஆகியவற்றில் இது பரவலாகக் கிடைக்கிறது. ஐந்தாவது, உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகம்.

3. எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

உடைந்த பாகம் வண்டியை நிறுத்துமா, அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாமல் செய்யுமா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மிச்சம் பிடிக்கலாம். கதவுக் கைப்பிடி, உள்பக்க பிளாஸ்டிக், கண்ணாடி மூடி, பம்பர், இருக்கை போன்றவற்றைப் பழைய வண்டியிலிருந்து வாங்குவதில் தவறே இல்லை. கேபின் ஏர் ஃபில்டர், வைப்பர் ரப்பர் போன்றவற்றில் நடுத்தர விலை போதும்.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூட்டுகள், டயர் ஆகிய நான்கிலும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம். ஏர்பேகையும் சீட் பெல்ட்டையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். விபத்தில் ஒருமுறை இழுபட்ட பெல்ட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அதன் வேலை முடிந்திருக்கும்.

நேரமும் செலவும் பாகத்தில் இல்லாமல் கூலியில் இருக்கும் வேலைகள் தனி. எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் நல்ல எடுத்துக்காட்டு. பெல்ட் சிறியது, அதை எட்டுவதற்குப் பிரிக்க வேண்டியது அதிகம். அதனால் பெல்ட்டை மட்டும் வாங்காமல் அதை இறுக்கியும் தாங்கியும் பிடிக்கும் உருளைகளான டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த முழு செட்டாக வாங்குங்கள். தண்ணீர்ப் பம்பை அதே பெல்ட் சுழற்றும் எஞ்சினாக இருந்தால் பம்பையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஆறு மாதத்தில் பம்ப் ஒழுகினால் முழுக் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். பல எஞ்சின்களில் இந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து எஞ்சினே வீணாகும்.

4. பாகத்துக்குப் பாகம் கேட்க வேண்டிய கேள்வி

ஆயில் ஃபில்டர்: திருகு இழை ஒன்றாக இருந்தால் போதும் என்பார்கள், போதாது. ஒரே இழை, ஒரே வாஷர், ஒரே உயரம் கொண்ட இரண்டு ஃபில்டர்களில் ஒன்றுக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு இருக்கும், மற்றதில் இருக்காது. வால்வு தேவைப்படும் எஞ்சினில் அது இல்லாததை மாட்டினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலேறும்வரை எஞ்சின் தடதடக்கும். அடைப்பு வந்தால் திறக்கும் பைபாஸ் வால்வின் அழுத்தமும் ஃபில்டருக்கு ஃபில்டர் மாறும். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, பட்டியல் எண் மட்டும்தான் துணை.

பிரேக் பேட்: பின்தகட்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.நா. ஒழுங்குவிதி 90-இன்படி அங்கீகாரம் பெற்ற பேட்களில் இது இருக்கும். அசல் பேடின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதியின் சாரம். பேடின் ஓரத்தில் 'எஃப்எஃப்', 'ஜிஜி' போல இரண்டு எழுத்துகளும் இருக்கலாம். முதல் எழுத்து பேட் குளிர்ந்திருக்கும்போது உள்ள பிடிப்பு, இரண்டாவது சூடானபின் உள்ள பிடிப்பு. 'இ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்த பிடிப்பைக் காட்டினால், மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது பிடிப்பு குறையும் என்று பொருள். எழுத்து மேலே போவதே தரம் என்றும் எண்ணிவிட வேண்டாம். அசல் பேடில் என்ன எழுத்து இருக்கிறதோ அதுவே உங்கள் இலக்கு.

டிஸ்க்: அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும். மெக்கானிக்கை அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த அளவை நெருங்கிவிட்ட டிஸ்க்கின் மேல் புதிய பேட் போடுவது வீண். டிஸ்க், பேட், ஷாக் அப்சார்பர் எல்லாமே ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டியவை.

ஸ்பார்க் பிளக்: வெப்ப எண்ணில் கவனம். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றுவது. போஷில் நேர்மாறு. ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொன்றில் அதே எண்ணைத் தேடினால் தவறான பிளக்தான் கையில் வரும்.

பேட்டரி: ஆம்பியர்-மணி அளவோடு குளிர்நிலை ஸ்டார்ட் திறன், முனைகள் எந்தப் பக்கம், பெட்டியின் நீள அகலம் ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக நின்று கிளம்பும் காரென்றால் அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை பேட்டரிதான் வேண்டும். ஏஜிஎம் இருந்த காருக்குச் சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் செத்துவிடும். சில கார்களில் புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிவு செய்யவும் வேண்டும், அதற்குக் கூலி தனி.

ஆயிலும் திரவங்களும்: டப்பாவில் 'இந்தத் தரத்துக்கு ஏற்றது' என்று இருப்பதும் 'கார் நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்டது' என்று இருப்பதும் ஒன்றல்ல. முதலாவது விற்பவரின் சொல், இரண்டாவது பரிசோதித்துக் கொடுத்த ஒப்புதல். கையேட்டில் மெர்சிடிஸ் 229.5 என்றோ ஃபோக்ஸ்வாகன் 504 00 என்றோ இருப்பது போன்ற எண்ணை டப்பாவில் தேடுங்கள். பிரேக் ஆயிலைத் திறந்த பாட்டிலிலிருந்து வாங்காதீர்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஆயில் வகைகளில் டிஓடி 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டிஓடி 5 சிலிக்கோன், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. கூலன்ட்டை நிறத்தை வைத்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம்.

5. போலியைக் கையில் எடுத்துப் பார்க்கும் விதம்

அடிக்கடி மாறுவதும் எளிதில் விற்பதுமான பாகங்களில்தான் போலி அதிகம்: ஃபில்டர், பிளக், பிரேக் பேட், பேரிங். வாய்ப்பு இருந்தால் பழைய அசல் பாகத்தைக் கையோடு கொண்டுபோய் இரண்டையும் இரண்டு கையில் எடுத்து எடை பாருங்கள். போலி ஃபில்டர் பல நேரம் இலகுவாக இருக்கும், காரணம் உள்ளே மடிப்புத் தாள் குறைவு. ஏர் ஃபில்டரென்றால் மடிப்புகளை எண்ணியே பார்த்துவிடலாம். பிளக்கின் பீங்கானில் உள்ள எழுத்தை நகத்தால் சுரண்டுங்கள், எளிதாக உரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பெட்டியில் இருக்கும் எண்ணும் பாகத்தின் மேல் இருக்கும் எண்ணும் ஒன்றா, அச்சு கலங்கியிருக்கிறதா, உற்பத்தித் தொகுதி எண் உண்டா என்று பாருங்கள். பெட்டியின் குறியீட்டை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. திறக்கும் முகவரி உண்மையிலேயே தயாரிப்பாளருடையதுதானா என்று படித்துப் பாருங்கள், போலிப் பெட்டிக்குப் போலித் தளமும் வைத்திருப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மற்ற இடங்களில் உள்ளதில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'அசல்' பாகத்தை நம்பாதீர்கள்.

6. டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

ஒரு டயரில் 205/55 ஆர்16 91வி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

91 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். 88 என்றால் 560 கிலோ, 94 என்றால் 670 கிலோ. கடைசி எழுத்து வேகக் குறியீடு: டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. இவ்வளவு வேகத்தில் போகப் போவதில்லையே என்று குறைந்த எழுத்தை வாங்கக் கூடாது. டயர் சூட்டைத் தாங்கும் திறனையும் இந்த எழுத்து சொல்கிறது. சுமை, வேகம் இரண்டிலும் கையேட்டில் உள்ளதைவிட மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது.

அகலமான டயர் போட ஆசைப்படுவோர் முதலில் விட்டத்தைக் கணக்குப் போடுங்கள். 205/55 ஆர்16-க்குப் பக்கச்சுவர் 112.75 மி.மீ. மேலும் கீழுமாக 225.5. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. கூட்டினால் 631.9 மி.மீ. அதற்குப் பதிலாக 225/45 ஆர்17 போட்டால் 634.3 மி.மீ. வருகிறது, வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் 215/60 ஆர்16 போட்டால் 664.4 மி.மீ., ஐந்து சதவீதத்துக்கு மேல் பெரியது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட ஐந்து கி.மீ. கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், திருப்பும்போது டயர் உள்பக்கம் உரசவும் கூடும். விட்ட வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. அதற்குள் இருந்தாலும் உங்கள் ஊர்ச் சட்டமும் காப்பீடும் அளவு மாற்றத்தை ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள்.

ரிம்மையும் மாற்றுவதாக இருந்தால் போல்ட் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் தள்ளியிருக்கும் தூரம்), நடுத்துளையின் விட்டம், போல்ட்டின் தலை உட்காரும் இடம் கூம்பா உருண்டையா என்பவை எல்லாம் பொருந்த வேண்டும். ஒன்று தவறினாலும் சக்கரம் ஆடும், அல்லது போல்ட் தளரும்.

பக்கச்சுவரில் உள்ள அதிகபட்சக் காற்றழுத்தம் டயர் தாங்கும் எல்லை. நீங்கள் அடிக்க வேண்டிய காற்று அது இல்லை. கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ளதுதான் உங்கள் அளவு, அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

தேய்மான எண் பற்றி ஓர் எச்சரிக்கை. சில டயர்களில், எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்ட 300, 400, 500 என்று ஓர் எண் இருக்கும், 100 என்பது ஒப்பீட்டு அடிப்படை. இதைத் தயாரிப்பாளரே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது உதவும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிள் கிடைத்தால் அதில் ஈரச்சாலைப் பிடிப்பைப் பாருங்கள். 2021 முதல் ஏ-யிலிருந்து இ வரை ஐந்து படிகள். சிக்கனத்தைவிட, ஓசையைவிட, மழையில் எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பனி பெய்யும் இடங்களில் ஓடும் காரென்றால் மூன்று முகடு கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையைத் தேடுங்கள். சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான வெறும் 'எம்+எஸ்' எழுத்து போதாது.

7. டயரின் வயது: பணம் கொடுக்கும் முன் கண்ணால் பாருங்கள்

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களே பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர், தொடவே வேண்டாம்.

ஏமாறும் இடம் இதுதான்: தேதியோடு கூடிய முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். மாட்டியபின் அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். எனக்கு நடந்ததும் அதுவே. ஆகவே ரிம்மில் ஏற்றும் முன், டயர் தரையில் கிடக்கும்போதே நான்கையும் புரட்டிப் பாருங்கள். நான்கின் தேதியையும் படம் எடுங்கள். தொலைவிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் தயாரிப்பு வாரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முறையாகக் கிடங்கில் வைத்திருந்த டயர் சில மாதங்கள் பழையதாக இருப்பது குற்றமில்லை. ஓராண்டைத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்வேன், இரண்டாண்டைத் தாண்டினால் வேண்டாம் என்பேன். இது என் கணக்கு. தயாரிப்பாளர்களின் கணக்கு வேறு: பட்டன் (தரையில் படும் பள்ளமும் மேடுமான பகுதி) மிச்சமிருந்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டுகள் ஆனால் மாற்றிவிடவும் பல டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்கின்றன.

8. எப்போது, எத்தனை, எந்த அச்சில்

புதிய டயரில் பட்டனின் ஆழம் சுமார் 8 மி.மீ. பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் மட்டத்துக்குப் பட்டன் தேய்ந்தால் மீதி 1.6 மி.மீ. பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அது. அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மி.மீ.க்குக் கீழே இறங்கும்போதே மழையில் பிடிப்பு வேகமாகக் குறையும். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்னதாக அளந்து பாருங்கள், கடைகளில் கூட்டமும் இருக்காது, வேண்டிய அளவும் கிடைக்கும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவற்றைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, புதியது முன்னால் போகட்டும் என்று பலர் சொல்வார்கள். முன்டயர் தண்ணீரில் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் உங்களுக்குத் தெரியும், வேகம் குறைத்தால் பிடித்துக்கொள்ளும். பின்டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது கடினம். நான்கு சக்கரமும் இழுக்கும் காரென்றால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. விட்ட வித்தியாசம் உள்ளே இருக்கும் கியர்களைத் தேய்க்கும்.

பழைய டயர் விலைக்குக் கிடைக்கிறதென்றால் உள்பக்கம் எத்தனை ஒட்டு இருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பக்கச்சுவரில் ஒட்டுப் போட்ட டயர் எந்த விலைக்கும் வேண்டாம்.

9. மொத்தக் கணக்கு

விலைப்பட்டியலில் தெரிவது பாகத்தின் விலை மட்டும். டயருக்கு வால்வு, ஏற்றுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், பழைய டயரை அப்புறப்படுத்தும் கட்டணம் சேரும். பாகத்துக்குப் புதிய போல்ட், சீல், திரவம், அனுப்புகூலி சேரும். புதுப்பித்த ஆல்டர்னேட்டர் போன்றவற்றில் பழைய பாகத்துக்கான முன்பணமும் பிடிப்பார்கள். பழையதை உரிய நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால்தான் அது கைக்கு வரும். ஆகவே எத்தனை நாள், எந்த நிலையில் கொடுக்க வேண்டும் என்பதை அப்போதே கேளுங்கள். எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

டயரின் மலிவைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு செட் மற்றதைவிட 30 சதவீதம் விலை கூடுதல், ஆனால் 30,000 கி.மீ.க்குப் பதில் 45,000 கி.மீ. ஓடும் என்றால், கிலோமீட்டருக்கு ஆகும் செலவு அதில்தான் குறைவு. ஏற்றுக்கூலியும் ஒருமுறை மிச்சம்.

10. ஆவணங்கள்

பில்லில் பாகத்தின் எண், தயாரிப்பாளர் பெயர், டயரென்றால் அளவும் தேதிக் குறியீடும், மாட்டிய நாளன்று ஓடோமீட்டர் காட்டிய எண் ஆகியவை எழுதியிருக்க வேண்டும். 'பிரேக் பேட் ஒரு செட்' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து உத்தரவாதம் கேட்க முடியாது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். பாகத்துக்கு மட்டும் உத்தரவாதமா, பழுதானால் மாற்றும் கூலியும் தருவார்களா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் கூலி தர மாட்டார்கள்.

கார் இன்னும் கார் நிறுவனத்தின் உத்தரவாதத்தில் இருந்தால் மாற்றுப் பாகம் போடும் முன் அதன் விதிகளைப் படியுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு நிறுவனப் பாகம் போட்டார்கள் என்பதை மட்டும் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. ஆனால் பழுதுக்குக் காரணமே அந்தப் பாகம்தான் என்று நிறுவினால் மறுக்கலாம். எங்கே இருந்தாலும் பில்லும் பாகத்தின் எண்ணும்தான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

11. பொருத்தும் நாள்

பாகம் கைக்கு வந்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். முதலில் பாகம், பிறகுதான் வண்டி. ஒப்பிடுவதற்குப் பழையதைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன், கடை திறந்திருக்கும் நாளில், காலையில் தொடங்குங்கள். துளை, நீளம், பிளக் முனை, சென்சார் வயர் எல்லாம் ஒத்துப்போகும்வரை கிரீஸ் தடவ வேண்டாம், உறையைக் கிழிக்க வேண்டாம்.

டயர் மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்பு முன்னோக்கி இருக்கிறதா, 'வெளிப்பக்கம்' என்று எழுதிய சுவர் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு டயரும் ஏற்றி, பேலன்சிங், அலைன்மென்ட் முடிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சக்கர நட்டை ஏர் கன்னால் முறுக்கி முடிப்பதை ஏற்காதீர்கள், கடைசி முறுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள அளவுக்குப் போட வேண்டும். ஷாக் அப்சார்பரோ சஸ்பென்ஷன் கையோ மாற்றினால், ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய நிலையில்தான் இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கழற்றிய பழைய பாகங்களை நீங்கள் பார்க்காமல் எங்கும் அனுப்ப விடாதீர்கள்.

12. முதல் சில நூறு கிலோமீட்டர்

சக்கர நட்டுகளை 50 முதல் 100 கி.மீ.க்குள் மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு கி.மீ. வரை வளைவிலும் மழையிலும் நிதானம் வேண்டும். புதிய பிரேக் பேடும் டிஸ்க்கோடு பழகும்வரை, அவசரம் நேர்ந்தாலொழிய, அழுத்திப் பிடிக்காதீர்கள். பேடை மாற்றியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். முதல் மிதி தரைவரை போகும், அது வண்டி நிற்கும்போதே நடந்து முடியட்டும்.

கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுங்கள். அதன் அளவு, தேதி, காற்றழுத்தம் மூன்றையும் அதே தாளில் எழுதி, தாளைப் பில்லோடு சேர்த்து டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். என் ஸ்டெப்னியில் தேவையான காற்றில் பாதிதான் இருந்தது.